வெளியீட்டில் எந்தக் கெப்பாசிட்டர்?

ஹை வோல்டேஜ் சப்ளை ஒன்றைக் கட்டி முடித்ததும், பார்க்க வருகிறவர் முதலில் கேட்பது, "அவுட்புட்ல எவ்வளவு மைக்ரோஃபாரட் போட்டிருக்கீங்க?" என்பதுதான். 470 என்றால் முகம் மலரும். 4.7 என்றால், நாம் காசு மிச்சம் பிடித்தோம் என்று நினைத்துக்கொள்வார். பன்னிரண்டு வோல்ட் ஆம்ப்ளிஃபையர் சப்ளைகளில் பழகியவர்களுக்கு இந்த எண்ணம் இயல்பு. அங்கே கெப்பாசிட்டர் பெரிதாக இருந்தால் ஹம் குறையும், கெடுதல் ஒன்றுமில்லை. முந்நூறு வோல்ட்டில் கணக்கு வேறு. ரெகுலேட்டருக்கு முன்னால் பெரியது, பின்னால் சிறியது என்பது இந்த நூலின் கட்சி. ஏன் என்பதையும், அந்தச் சிறியதை எந்த வகையில் வாங்குவது என்பதையும் இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

கணக்குப் போட ஒரு சப்ளையை முன்னால் வைத்துக்கொள்வோம். வால்வு ஆம்ப்ளிஃபையர்களையும் பழைய மர்ஃபி, பிலிப்ஸ் ரேடியோக்களையும் மேசையில் சோதிக்க உதவும் சப்ளை அது. 0 முதல் 300 வோல்ட் வரை திருகி வைக்கலாம்; 150 மில்லிஆம்பியர் கொடுக்கும். உள்ளே 280 வோல்ட் செகண்டரி உள்ள டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ் ரெக்டிஃபையர், அதன் பின் 220 மைக்ரோஃபாரட் 350 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் இரண்டு சீரியஸில். அடுத்து, பாஸ் டிரான்சிஸ்டராக ஒரு மாஸ்ஃபெட், கரண்ட் லிமிட், கடைசியில் சிவப்பு, கறுப்பு டெர்மினல்கள். அமெரிக்காவின் ஹீத்கிட் நிறுவனம் ஐ.பி.-17 என்ற பெயரில் கிட்டாக விற்ற 0–400 வோல்ட், 100 மில்லிஆம்பியர் சப்ளை இந்த வகைக்கு மூத்த அண்ணன். மாஸ்ஃபெட் செய்யும் வேலையை அதில் வால்வுகள் செய்தன.

இதில் கெப்பாசிட்டர் இரண்டு இடத்தில் வருகிறது. இரண்டுக்கும் வேலை வேறு. பிரிட்ஜுக்குப் பின்னால் இருப்பது ரிப்பிளை அடக்குவது. 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸில் அதற்குப் பத்து மில்லிநொடிக்கு ஒருமுறைதான் சார்ஜ் கிடைக்கும்; இடைப்பட்ட நேரத்துக்கு அதுவே லோடைத் தாங்க வேண்டும். நம் சப்ளையில் சீரியஸில் 110 மைக்ரோஃபாரட் இருக்கிறது. முழு லோடில் ரிப்பிள் அதிகபட்சம் 14 வோல்ட் வரை வரும். அதை மாஸ்ஃபெட் விழுங்கிக்கொள்ளும். டெர்மினலில் இருக்கும் கெப்பாசிட்டருக்கு இந்த வேலை இல்லை. லோடு திடீரென மாறும்போது, ரெகுலேட்டர் விழித்துக்கொள்ளும் வரை சமாளித்தால் போதும்.

அந்த நேரம் எவ்வளவு? சுமாரான ரெகுலேட்டரே இருபது மைக்ரோநொடியில் சுதாரித்துவிடும் என்று வைத்துக்கொள்ளலாம். 150 மில்லிஆம்பியர் லோடு ஒரே அடியாக வந்தால், அந்த இருபது மைக்ரோநொடியில் 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் 3 வோல்ட் இறங்கும், 4.7 மைக்ரோஃபாரட்டில் 0.64 வோல்ட். முந்நூறு வோல்ட்டில் அரை வோல்ட் இறங்குவதை எந்த வால்வும் கண்டுகொள்ளாது. 100 மைக்ரோஃபாரட் போட்டால் 0.03 வோல்ட்தான் இறங்கும் என்பது உண்மை. அந்தத் துல்லியத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

பெரிய கெப்பாசிட்டரின் விலை

முதல் விலை, கரண்ட் லிமிட். புதிதாகச் சாலிடர் செய்த சர்க்யூட்டுக்கு முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது லிமிட்டை 20 மில்லிஆம்பியரில் வைக்கிறோம். எங்காவது ஷார்ட் இருந்தாலும் எதுவும் எரியக்கூடாது என்பதற்காக. ஆனால் அந்த லிமிட் காவல் காப்பது மாஸ்ஃபெட் வழியாக வரும் கரண்டை மட்டும். அதற்கு அப்பால், டெர்மினலிலேயே இருக்கும் கெப்பாசிட்டருக்கு அது கட்டுப்படாது. வாசலில் ஆள் நிறுத்திவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட கதைதான். 300 வோல்ட்டில் 100 மைக்ரோஃபாரட் வைத்திருக்கும் ஆற்றல் 4.5 ஜூல். ஷார்ட் ஆன கணத்தில் அவ்வளவும் உங்கள் சர்க்யூட்டில் இறங்கும். உச்ச கரண்ட் நூறு ஆம்பியரைத் தொட்டாலும் ஆச்சரியமில்லை. சர்க்யூட் போர்டின் மெல்லிய செப்புத் தடம் ஒரு 'டப்' சத்தத்துடன் ஆவியாகப் போகும். 4.7 மைக்ரோஃபாரட் வைத்திருப்பது 0.21 ஜூல். அதிலும் பொறி பறக்கும், ஆனால் சேதம் பெரும்பாலும் அதோடு நிற்கும்.

இரண்டாவது, குமிழைக் குறைத்தாலும் வோல்ட் இறங்காது. இந்த மாஸ்ஃபெட் அமைப்பு கரண்டை வெளியே தள்ளும், உள்ளே இழுக்காது. 300-இலிருந்து 50-க்குத் திருகினால், லோடு இல்லாதபோது, கெப்பாசிட்டர் ப்ளீடர் ரெசிஸ்டர் வழியாக வடிந்துதான் ஆக வேண்டும். 94 கிலோஓம் ப்ளீடருக்கு 4.7 மைக்ரோஃபாரட் ஒரு நொடிக்குள் இறங்கிவிடும். 100 மைக்ரோஃபாரட்டுக்குச் சுமார் 17 நொடி. அந்தப் பதினேழு நொடியில் குமிழ் ஒன்று சொல்லும், டெர்மினல் வேறொன்று சொல்லும். கை குமிழை நம்பும். மாஸ்ஃபெட்டுக்கும் அது நல்ல நேரம் இல்லை. கேட் இறங்கிவிட்டது, சோர்ஸ் முந்நூறில் நிற்கிறது. கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவில் 15 வோல்ட் ஜீனர் டயோடு இல்லாவிட்டால் கேட் ஆக்ஸைடு துளைபடும். ஜீனர் இருந்தாலும், கெப்பாசிட்டரின் சார்ஜ் அதன் வழியாகக் கட்டுப்பாட்டுச் சர்க்யூட்டுக்குள் பாயும். கெப்பாசிட்டர் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நேரம் பாயும்.

மூன்றாவது நம் உடம்பு. ஆய்வகக் கருவிகளுக்கான ஐ.இ.சி. 61010-1 தரநிலை, கை படக்கூடிய இடத்தில் இருக்கும் கெப்பாசிட்டரின் சார்ஜ் 45 மைக்ரோகூலோமைத் தாண்டக்கூடாது என்கிறது. 300 வோல்ட்டில் அது வெறும் 0.15 மைக்ரோஃபாரட். நம்முடைய 4.7 அதைப் போல் முப்பது மடங்கு. ஆகவே சிறியது என்பதால் தொட்டுப் பார்க்கலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். சிறியதிலேயே இந்தக் கதை என்றால் 470-ஐப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

வோல்ட் மதிப்பு: குமிழை நம்பாதீர்கள்

"அதிகபட்ச வெளியீடு 300 வோல்ட், ஆகவே 350 வோல்ட் கெப்பாசிட்டர் போதும்" என்பது காகிதத்தில் சரி. மாஸ்ஃபெட் செத்தால் பெரும்பாலும் ஷார்ட்டாகவே சாகும். அந்த நொடியில் ரெகுலேட்டருக்கு முன்னால் இருக்கிற மொத்த வோல்ட்டும் டெர்மினலுக்கு வந்துவிடும். அது எவ்வளவு? 280-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 396. மெயின்ஸ் 230 என்பது பெயரளவில்தான்; பத்து சதவீதம் கூடி 253 ஆனால் 435. சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள் லோடு இல்லாதபோது சொன்னதைவிடப் பத்து சதவீதம் தூக்கிக் கொடுப்பது சாதாரணம். அதையும் சேர்த்தால் ஏறக்குறைய 480 வோல்ட். டெர்மினலில் இருக்கும் கெப்பாசிட்டர் தாங்க வேண்டியது இதை. 350 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் அந்த இடத்தில் சூடாகி, மூடியின் வெட்டுக்கோடு பிளந்து, அறை முழுக்க நாற்றத்தைக் கிளப்பும். 450 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக்கும் எல்லையைத் தாண்டித்தான் நிற்கும். அந்த வகைக்குக் கணநேர மிகைவோல்ட்டாகப் பத்து சதவீதம் கூடுதல் அனுமதி உண்டு. ஆனால் மாஸ்ஃபெட் செத்த பிறகு வருவது கணநேரத்து வோல்ட் அல்ல. சுவிட்சை அணைக்கும் வரை நிற்கும்.

630 வோல்ட் டிசி என்று அச்சிட்டிருப்பதை வாங்குங்கள். ஃபிலிம் கெப்பாசிட்டர்களில் இது வழக்கமான மதிப்பு, சுலபமாகக் கிடைக்கும்.

வகைகள்

எலக்ட்ரோலிட்டிக்கின் பெருமை, சிறிய உடலில் பெரிய கொள்ளளவு. அலுமினியத் தகட்டின் மேல் வளர்த்த ஆக்ஸைடு படலம்தான் அதன் இன்சுலேஷன். தடிமன் வோல்ட்டுக்கு ஒன்றரை நானோமீட்டருக்குள்தான் இருக்கும். கொள்ளளவு பெரிதாக இருப்பதன் காரணம் அந்த மெல்லிய படலம். பிரச்சினைகளின் காரணமும் அதுவே. பல வருடம் பெட்டியில் கிடந்தால் படலம் பழுதாகும், லீக்கேஜ் கூடும். எலக்ட்ரோலைட் மெல்ல உலர்ந்துபோகும். வேலை செய்யும் வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது இந்தத் தொழிலின் பொதுக் கணக்கு. 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று சொல்லப்படுவது 65 டிகிரியில் 32,000 மணி நேரம் வரும். எனவே ஹீட்சிங்க் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

அதைவிட நமக்கு முக்கியமானது உள் தடை. 47 மைக்ரோஃபாரட் 450 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்றின் டேட்டாஷீட்டில், 120 ஹெர்ட்ஸில் டான் டெல்டா 0.20 என்று இருந்தால், அதன் உள் தடை அதிகபட்சம் 5.6 ஓம் வரை போகலாம் என்று பொருள். அதற்கு 150 மில்லிஆம்பியர் லோடு திடீரென வந்தால், உள் தடையிலேயே 0.8 வோல்ட் போய்விடும். அதாவது 47 மைக்ரோஃபாரட் என்று நீங்கள் வாங்கியது, திடீர் லோடு விஷயத்தில், 4.7 மைக்ரோஃபாரட் ஃபிலிமைவிடப் பெரிதாக எதையும் சாதிப்பதில்லை. சேமித்த ஆற்றல் மட்டும் பத்து மடங்கு.

ஃபிலிமில் இரண்டு சாதி. பாலியெஸ்டர் சின்னது, மலிவு. இழப்பு சற்றுக் கூடுதல். பாலிப்ரொப்பிலீன் பருமன், இழப்பு மிகக் குறைவு. நம் இடத்துக்கு இரண்டும் பொருந்தும். இடம் இருந்தால் பாலிப்ரொப்பிலீன் என்பது என் சாய்வு. ஃபிலிமின் மேல் மிக மெல்லிய உலோகப் பூச்சுதான் இதில் தகடு. எங்காவது ஃபிலிம் துளைபட்டால் அந்த இடத்துப் பூச்சு கணத்தில் ஆவியாகி, துளையைச் சுற்றி உலோகம் இல்லாமல் போகும். ஷார்ட் தானாக நீங்கும். இதைத்தான் தானாக ஆறும் வகை என்கிறார்கள். ஒவ்வொரு முறை ஆறும்போதும் கொஞ்சம் கொள்ளளவு போகும்.

இது நம் வீட்டுக் கூரையிலேயே நடக்கிறது. மின்விசிறி வருடக்கணக்கில் ஓடிய பிறகு வேகம் குறைந்து, எலக்ட்ரீஷியன் வந்து "கண்டென்சர் மாத்தணும்" என்கிறாரே, அந்தக் கெப்பாசிட்டர் உலோகப் பூச்சுள்ள பாலிப்ரொப்பிலீன் வகை. 2.5 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டது அளந்தால் பாதிக்கு வந்திருக்கும். ஷார்ட் ஆகாமல் மெல்ல மெல்லத் தேய்ந்து போகிறது. வெளியீட்டு முனைக்கு நாம் விரும்பும் சாவும் இந்த வகைதான்.

அந்த விசிறிக் கெப்பாசிட்டரையே போட்டுவிடலாமா என்று கேட்பீர்கள். போடலாம். 440 வோல்ட் ஏசி என்று அச்சிட்ட 4 மைக்ரோஃபாரட் விசிறிக் கெப்பாசிட்டர் ஒவ்வொரு சுற்றிலும் 622 வோல்ட் உச்சத்தைப் பார்க்கத் தகுந்தது. 480 வோல்ட் டிசி அதற்குப் பெரிய சுமை அல்ல. எந்த ஊர் எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். புதிதாக, பெயருள்ள கம்பெனியினுடையதாக வாங்குங்கள். ஏசி டிசி விஷயத்தில் ஒன்று: ஏசி மதிப்பை டிசிக்கு எடுத்துக்கொள்வது பாதுகாப்பான திசை. தலைகீழாக, டிசி மதிப்பை ஏசிக்கு எடுக்கக்கூடாது. 630 வோல்ட் டிசி ஃபிலிம் ஒன்றின் ஏசி மதிப்பு 250-ஐ ஒட்டி இருப்பது சகஜம்.

பம்ப் மோட்டார் கெப்பாசிட்டர்களில் மட்டும் கவனம். 'ரன்' என்பது ஃபிலிம். எப்போதும் இணைப்பில் இருக்கச் செய்யப்பட்டது. 'ஸ்டார்ட்' என்பது பெரும்பாலும் கறுப்பு உருளைக்குள் வரும் துருவமில்லாத எலக்ட்ரோலிட்டிக். சில நொடி வேலைக்கு மட்டும் உரியது. அதைத் தொடர்ந்து இணைப்பில் வைக்கும் சப்ளையில் கோத்தால் வீங்கி வெடிக்கும்.

செராமிக் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பல அடுக்குச் சிப் செராமிக்குகள் வோல்ட் ஏற ஏறக் கொள்ளளவை இழக்கும். முழு மதிப்பு வோல்ட்டில் பாதியோ அதற்கும் கீழோ ஆகிவிடுவது உண்டு. டெர்மினலுக்குக் குறுக்கே 10 நானோஃபாரட் 1 கிலோவோல்ட் டிஸ்க் ஒன்று, ரேடியோ அலைவரிசை இரைச்சலுக்காக. அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

பழைய ராணுவ உபகரணங்களிலிருந்து வரும் எண்ணெய் நிரப்பிய உலோகப் பெட்டிக் கெப்பாசிட்டர்கள் பார்க்க அழகு. 1970-களின் இறுதி வரை செய்யப்பட்டவற்றில் பி.சி.பி. என்ற நச்சு எண்ணெய் இருக்க வாய்ப்புண்டு. அமெரிக்கா அதன் உற்பத்தியை 1979-இல் தடை செய்தது. கசிவு தெரிந்தால் கையால் தொட வேண்டாம். மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து கழற்றியது பக்கமே போகாதீர்கள். கெப்பாசிட்டரைவிட, அதைத் தேடி அடுப்பைத் திறக்கும் வேலைதான் ஆளைக் கொல்லும்.

ரெகுலேட்டருக்குப் பிடித்த கெப்பாசிட்டர்

ஃபிலிம் கெப்பாசிட்டரின் உள் தடை மிகக் குறைவு என்பதை நல்ல குணமாகவே சொல்லிப் பழகிவிட்டோம். ஃபீட்பேக் உள்ள ரெகுலேட்டருக்கு அது எப்போதும் நல்ல குணமல்ல. எலக்ட்ரோலிட்டிக்கின் சில ஓம் உள் தடை, சர்க்யூட்டின் அலைபாய்தலை அடக்கும் பிரேக்காக வேலை செய்திருக்கும். அதை எடுத்துவிட்டுச் சுத்தமான ஃபிலிமைப் போட்டால், லோடு மாறும் ஒவ்வொரு முறையும் வெளியீடு மணி அடித்ததுபோல் அதிரலாம்.

எல்.எம்.317 இதற்கு நல்ல உதாரணம். அதை ஹை வோல்டேஜில் மிதக்கவிட்டு, முன்னால் ஒரு டிரான்சிஸ்டரை வைத்துப் பாரத்தைத் தாங்கச் செய்யும் அமைப்பை நேஷனல் செமிகண்டக்டரின் மைக்கேல் மைடா 1980-இல் எல்.பி.-47 என்ற குறிப்பில் விளக்கினார். வால்வு ஆர்வலர்கள் இன்றும் மைடா ரெகுலேட்டர் என்றே சொல்கிறார்கள். எல்.எம்.317-இன் டேட்டாஷீட், வெளியீட்டில் கெப்பாசிட்டரே இல்லாமலும் அது நிலையாக நிற்கும் என்கிறது. ஆனால் 500 முதல் 5000 பிக்கோஃபாரட் வரை இருந்தால் அதிர்வு அதிகமாகும், 1 மைக்ரோஃபாரட் டாண்டலமோ 25 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக்கோ போட்டு அதை மூழ்கடித்துவிடுங்கள் என்கிறது. யோசித்துப் பாருங்கள்: பழக்கதோஷத்தில் டெர்மினலில் ஒரு 1 நானோஃபாரட் டிஸ்க்கை மட்டும் போடுகிறவர் சரியாக அந்தக் கெட்ட வட்டத்துக்குள் போய் விழுகிறார். கோஆக்ஸியல் கேபிள் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட். ஐந்து மீட்டர் நீட்டினால் கெப்பாசிட்டர் போடாமலே வட்டத்துக்குள் வந்துவிடுவோம்.

இதற்கு நான் பரிந்துரைப்பது: 4.7 மைக்ரோஃபாரட் ஃபிலிம், அதற்குச் சீரியஸில் 4.7 ஓம், 5 வாட் வயர்வுண்ட் ரெசிஸ்டர். எலக்ட்ரோலிட்டிக் தற்செயலாகக் கொடுத்த பிரேக்கை நாம் அளந்து கொடுக்கிறோம். எலக்ட்ரோலிட்டிக்கின் உள் தடை அது உலர உலர மாறும்; இந்த 4.7 ஓம் பத்து வருடம் கழித்தும் 4.7 ஓம்தான். போதாக்குறைக்கு, டெர்மினல் ஷார்ட் ஆனால் கெப்பாசிட்டரிலிருந்து பாயும் கரண்ட் 300 வோல்ட்டில் 64 ஆம்பியருக்கு மேல் போகாது. ஆற்றலின் பெரும்பகுதி உங்கள் சர்க்யூட்டில் இறங்காமல் ரெசிஸ்டரிலேயே சூடாகிப் போகும். இழப்பு, திடீர் லோடில் முக்கால் வோல்ட் கூடுதல் சரிவு. கொடுக்கலாம். சாதாரண மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டரை இங்கே போடாதீர்கள்; இரண்டு ஷார்ட்டுக்குள் அறுந்துவிடும், அறுந்தது வெளியே தெரியாது.

கூடவே, வெளியீட்டிலிருந்து உள்ளீட்டை நோக்கி 1என்4007 டயோடு ஒன்று மாஸ்ஃபெட்டுக்குக் குறுக்கே. உள்ளீடு திடீரென இறங்கினால் கெப்பாசிட்டரின் சார்ஜ் ரெகுலேட்டரின் வயிற்றுக்குள் போகாமல் அந்த வழியாகப் போய்விடும்.

நம் சப்ளைக்கு நேர் எதிரான ஒன்று: கெய்கர் கவுண்டர். எஸ்.பி.எம்.-20 குழாய்க்குச் சுமார் 400 வோல்ட் வேண்டும், கரண்ட் என்று சொல்லும்படி எதுவும் வேண்டாம். அந்தச் சப்ளையே சில பத்து மைக்ரோஆம்பியர் கொடுக்கத்தான் செய்யப்பட்டிருக்கும். அதன் வெளியீட்டில் எலக்ட்ரோலிட்டிக் போட்டால் லீக்கேஜே மொத்தத்தையும் தின்றுவிடும். வோல்ட் ஏறவே ஏறாது. 10 நானோஃபாரட் 1 கிலோவோல்ட் ஃபிலிம் போதும். அங்கே மல்டிமீட்டரின் 10 மெகாஓம் கூட 40 மைக்ரோஆம்பியர் இழுக்கும் லோடுதான்.

கடையிலும் மேசையிலும்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் புதிய கெப்பாசிட்டரும் கிடைக்கும், பழையதைக் கழற்றிப் புது உறை மாட்டியதும் கிடைக்கும். எலக்ட்ரோலிட்டிக்கில் அளவே பாதி உண்மையைச் சொல்லிவிடும். 47 மைக்ரோஃபாரட் 450 வோல்ட் என்றால் விட்டம் 16 முதல் 18 மில்லிமீட்டர், உயரம் 25 முதல் 32 மில்லிமீட்டர் என்ற அளவில் இருக்கும். சுண்டுவிரல் நுனி அளவில் அதே எழுத்தோடு ஒன்று நீட்டப்பட்டால் எழுத்து பொய். கால்களைப் பாருங்கள். சாலிடர் தடமோ வெட்டிய அடையாளமோ இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் லீக்கேஜ் சோதனை. 100 கிலோஓம் 3 வாட் ரெசிஸ்டரை கெப்பாசிட்டருக்குச் சீரியஸில் வைத்து, சப்ளையை மெல்ல ஏற்றுங்கள். மீட்டரை ரெசிஸ்டருக்குக் குறுக்கே வையுங்கள், கெப்பாசிட்டருக்குக் குறுக்கே அல்ல. ரெசிஸ்டரில் 1 வோல்ட் தெரிந்தால் கெப்பாசிட்டர் வழியே 10 மைக்ரோஆம்பியர் போகிறது. ஃபிலிமாக இருந்தால் சில நொடியில் எண் பூஜ்யத்தை ஒட்டி வந்து படுத்துவிட வேண்டும். எலக்ட்ரோலிட்டிக் அடம் பிடிக்கும்: முதலில் நூறு வோல்ட் காட்டும், பிறகு எழுபது, ஐம்பது என்று இறங்கிக்கொண்டே வரும். ஆக்ஸைடு படலம் மறுபடி வளர்கிறது என்று அர்த்தம். ஐம்பது ஐம்பது வோல்ட்டாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் எண் இறங்கும் வரை காத்திருந்தால், வருடக்கணக்கில் கிடந்த கெப்பாசிட்டரும் பல சமயம் உயிர் பிழைக்கும். 47 மைக்ரோஃபாரட்டுக்கு 400 மைக்ரோஆம்பியருக்கு மேல், அதாவது ரெசிஸ்டரில் 40 வோல்ட்டுக்கு மேல், அரை மணி நேரமாகியும் நின்றால் தூக்கிப் போடுங்கள்.

பொருத்தும்போது ஃபிலிம் கெப்பாசிட்டரையும் அதன் ரெசிஸ்டரையும் நேராக டெர்மினலின் பின்பக்கக் காலிலேயே சாலிடர் செய்யுங்கள். ஒரு முழ வயரில் போர்டுக்குப் போய் வந்தால் வயரின் இன்டக்டன்ஸ் பாதி பலனைத் தின்றுவிடும். ரெகுலேட்டரின் ஃபீட்பேக் வயரும் அதே காலிலிருந்து புறப்படட்டும்.

சீரியஸில் இருக்கும் இரண்டு எலக்ட்ரோலிட்டிக்குகளில், மேலே உள்ளதன் அலுமினிய உடலைக் கவனியுங்கள். உடல் எலக்ட்ரோலைட் வழியாகத் தன் நெகடிவ் முனையோடு தொடர்பில் இருக்கிறது. மேலே உள்ளதன் நெகடிவ் என்பது நம் சப்ளையில் இருநூறு வோல்ட்டுக்கு மேல். சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறை பெயரும் மதிப்பும் அச்சிடத்தான். இன்சுலேஷன் என்று நம்பக்கூடாது. உலோகக் கிளிப்பால் சேஸிஸில் இறுக்கிவிடாதீர்கள். இரண்டுக்கும் குறுக்கே தனித்தனியாக 220 கிலோஓம் 1 வாட் ரெசிஸ்டர் இருக்கட்டும். லீக்கேஜ் இரண்டிலும் ஒன்றாக இருக்காது. ரெசிஸ்டர் இல்லாவிட்டால் லீக்கேஜ் குறைந்தது அதிக வோல்ட்டைச் சுமக்கும்.

டெர்மினலில் ப்ளீடராக 47 கிலோஓம் 3 வாட் இரண்டு, சீரியஸில். ஒன்றே போதாதா என்றால், வாட் கணக்கில் போதலாம். ஆனால் ரெசிஸ்டருக்கும் வோல்ட் எல்லை உண்டு. கால் வாட் ரெசிஸ்டர்கள் பல 250 வோல்ட்டோடு நின்றுவிடும். மாஸ்ஃபெட் செத்து 480 வோல்ட் வரும் நாளிலும் இரண்டும் ஆளுக்கு 240 வோல்ட், 1.2 வாட் என்று பங்கு போட்டுக்கொள்ளும்.

அணைத்த பிறகு ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் உள்ளவர்கள் அதை இந்த மேசையில் விட்டுவிட வேண்டும். 2.2 கிலோஓம் 10 வாட் வயர்வுண்ட் ரெசிஸ்டரை நல்ல இன்சுலேஷன் உள்ள இரண்டு புரோபுகளுக்கு நடுவில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். ரெகுலேட்டருக்கு முன்னால் உள்ள 110 மைக்ரோஃபாரட்டை அது இரண்டு நொடியில் காலி செய்யும். எடுத்த உடனே மீட்டரில் பாருங்கள். ஒரு நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். எலக்ட்ரோலிட்டிக்கில் பல வோல்ட் திரும்ப முளைத்திருக்கும். இன்சுலேஷனுக்குள் ஊறிய சார்ஜ் மெதுவாக வெளியே வருவதால் இப்படி. சேமிப்பில் வைக்கும் பெரிய கெப்பாசிட்டர்களின் இரண்டு காலையும் ஒரு துண்டு வயரால் இணைத்து வைப்பது இதனால்தான்.

கடைசியாக, எல்லாம் கோத்தபின் ஒரு அதிர்வுச் சோதனை. சப்ளையை 300 வோல்ட்டில் வைத்து, 2.2 கிலோஓம் 50 வாட் ரெசிஸ்டரை டிசிக்கு ஏற்ற சுவிட்ச் வழியாக இணையுங்கள். 136 மில்லிஆம்பியர் லோடு. ஆஸிலோஸ்கோப்பை ஏசி இணைப்பில் வைத்து, புரோபின் வோல்ட் எல்லையைச் சரிபார்த்து, சுவிட்சைப் போடும் கணத்தைப் பிடியுங்கள். ஒரு சரிவு, அதிகம் போனால் ஒரு துள்ளல், பிறகு நேர்கோடு: நல்லது. நான்கைந்து முறை அலைந்து அடங்கினால் 4.7 ஓமை 10 ஓமாக்கிப் பாருங்கள். ஸ்கோப் இல்லாதவர்கள் ஒரு மீடியம் வேவ் ரேடியோவைப் பக்கத்தில் வைத்து, நிலையம் இல்லாத இடமாகப் பார்த்துத் திருகிக்கொண்டே போகலாம். சப்ளையை அணைத்தால் நின்று, போட்டால் வரும் கீச்சொலி ஏதாவது இடத்தில் கேட்டால், ரெகுலேட்டர் சும்மா இருக்காமல் ஆஸிலேட் ஆகிறது. பெரும்பாலும் ஃபீட்பேக் வயர் நீளமாக இருக்கும், இல்லையென்றால் மாஸ்ஃபெட்டின் கேட்டில் போட வேண்டிய 100 ஓம் ரெசிஸ்டர் விட்டுப்போயிருக்கும்.